திட்டம் முடிந்துவிடும்... சுகரும் பிரஷரும் முடியுமா?

திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில் மருத்துவத்தின் முதல் வாசல் துணை சுகாதார நிலையம். அதை நடத்துகிறவர் செவிலியர். ஆனால் அவருடைய வேலையும் அவர் கொடுக்கும் மாத்திரையும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. இந்த நிலையை மாற்ற மாநில அரசால் முடியும். அதற்கான கணக்கு இதோ.

வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரைப் பக்கத்துக் கிராமங்களில் காலை நேரத்தில் துணை சுகாதார நிலையத்துக்குப் போனால், வாசலில் நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வேனில் வந்து இறங்கிய பெண், தலைசுற்றல் என்று வந்திருப்பார். வேலைக்குப் போகும் முன் சுகர் பார்த்துவிடலாம் என்று ஒரு பெரியவர் வெறும் வயிற்றோடு காத்திருப்பார். கையில் மஞ்சள் பையும் கர்ப்பிணி அட்டையுமாக ஒரு பெண் நிற்பார். எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "நர்சம்மா வந்தாச்சா?"

நர்சம்மா வந்ததும் செய்கிற வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். கைப்பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். அளவு கூடுதலாக வந்தால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பார்ப்பார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் வைப்பார். பி.எச்.சி. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மெட்ஃபார்மின், அம்லோடிபின் மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பார். போன மாத மாத்திரை மீந்திருக்கிறதா என்று கேட்பார். மீந்திருந்தால் ஏன் சாப்பிடவில்லை என்று விசாரிப்பார். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம்.

ஸ்ட்ரிப் தீர்ந்துபோன மாதத்தில் அந்தப் பத்து நிமிட வேலை ஒரு முழு நாளைத் தின்றுவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, திண்டுக்கல் ஜி.எச்.சுக்கோ போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் அன்றைய கூலி போய்விடும். ஒரு தடவை போவார்கள், இரண்டு தடவை போவார்கள். மூன்றாவது மாதம் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை விட்டுவிடுவார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ வந்து நிற்கும்போதுதான், அந்த மூன்றாவது மாதத்தின் விலை வீட்டுக்குத் தெரியவரும்.

தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு இதை எண்ணாகவே காட்டியது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் இருக்கிறது. இருக்கட்டும், அது வேண்டியதுதான். டயாலிசிஸ் வரை போகவிடாமல் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் ஸ்ட்ரிப்புக்கும், அதைக் கையில் பிடித்திருக்கும் செவிலியருக்கும் அதே உறுதியோடு பணம் இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

சின்னாளப்பட்டியில் இரண்டு படுக்கை

செவிலியரை நம்பி கிராம மருத்துவத்தை நடத்தலாம் என்பது திண்டுக்கல்லுக்குப் புதிய செய்தி இல்லை. நாட்டில் இதை முன்கூட்டியே முயன்று பார்த்த மண் இது.

டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, இளவயதில் கணவரை இழந்து, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தவர் டாக்டர் சௌந்தரம். பெரிய நகரத்தில் பெரிய மருத்துவமனை நடத்தியிருக்கலாம். மறுமணம் செய்துகொண்ட ஜி. ராமச்சந்திரனோடு அவர் வந்து சேர்ந்த இடம் சின்னாளப்பட்டி. 1947-இல் இரண்டு படுக்கைகளோடு அவர் தொடங்கிய பிரசவ நிலையம்தான் இன்றைய காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை. கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து கிராமங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1959-இல் காந்திகிராமத்தில் முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு, சென்னை மாநில அரசு, ஃபோர்டு அறக்கட்டளை மூன்றும் துணை நின்றன. ஆத்தூர் வட்டாரம் அதன் களம். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் வீடு வீடாகப் போவதும், பதிவேடு வைப்பதும், குடும்பத்தைத் தொடர்ந்து கவனிப்பதும் அங்கே முறையாகச் சோதிக்கப்பட்டன. அந்த அடித்தளத்தின் மேல் 1964-இல் காந்திகிராம கிராமிய சுகாதார மற்றும் குடும்ப நல நிறுவனம் எழுந்தது. சுகாதாரச் செவிலியர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கிறவர்களுக்கும் அது பயிற்சிக் கூடமானது. சௌந்தரம் 1962 தேர்தலில் திண்டுக்கல்லில் வென்று நாடாளுமன்றத்துக்கும் போனார்.

ஆத்தூர் வட்டாரத்திலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. பக்கத்தில் இருக்கும் செவிலியரைத் தேடி ஜனங்கள் வருவார்கள் என்பது முதல் பாடம். வெளியிலிருந்து வரும் பணம் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். அதை நிலைநிறுத்துவது அரசுக் கருவூலம்தான் என்பது இரண்டாவது. முதல் பாடத்தை நாடே படித்துக்கொண்டது. 1973-இல் கர்த்தார் சிங் குழு கிராமப் பணியாளர்களைப் பல்நோக்குப் பணியாளர்களாக மாற்றப் பரிந்துரைத்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நாட்டின் அளவுகோல் ஆனது. இன்று தமிழ்நாட்டில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. இரண்டாவது பாடம்தான் இன்னும் பாதியில் நிற்கிறது.

ஒரே கட்டடம், மூன்று கணக்கு

ஒரு துணை சுகாதார நிலையத்தில் யார் யாருக்கு எங்கிருந்து சம்பளம் வருகிறது என்று பார்த்தாலே சிக்கல் புரிந்துவிடும்.

கிராம சுகாதார செவிலியர் அரசு ஊழியர், காலமுறை ஊதியத்தில் இருப்பவர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2023 அக்டோபரில் 2,250 இடங்களுக்கு வெளியிட்ட அறிவிப்பில் அவருக்கான ஊதிய நிலை ரூ.19,500-இல் தொடங்கியது. அதன் மேல் அகவிலைப்படி உண்டு, ஆண்டு ஊதிய உயர்வு உண்டு.

அதே கட்டடத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று இன்னொரு செவிலியர் இருக்கிறார். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக உயர்த்தியபோது வந்த பதவி இது. செவிலியர் பட்டயமோ பி.எஸ்சி. நர்சிங்கோ படித்தவர். சுகர், பிரஷர் கண்டறிதல், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, சிறு நோய்களுக்கு மருந்து, தொலைபேசி வழி டாக்டர் ஆலோசனை எல்லாம் இவர் பொறுப்பு. 2021 இறுதியில் தமிழ்நாட்டில் இந்தப் பதவிக்கு 4,848 இடங்கள் அறிவிக்கப்பட்டன. மாதம் ரூ.14,000 தொகுப்பூதியம், நியமனம் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக, முற்றிலும் தற்காலிகம். பிந்தைய அறிவிப்புகளில் அது ரூ.18,000 ஆனது. கூடுதலாகப் படித்தவருக்குக் குறைந்த சம்பளம், நாளைக்கு வேலை உண்டா என்ற உறுதியும் இல்லை.

மூன்றாவதாக, வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கால்கள் இவர்கள். தொடக்கத்தில் இவர்களுக்கு மாதம் ரூ.4,500 ஊக்கத்தொகை. இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தது. அதில் நடந்து தேய்ந்த செருப்பெல்லாம் இந்தப் பெண்களுடையது.

இந்த மூன்று பேரில் இரண்டு பேர் திட்டப் பணத்தை நம்பி நிற்கிறார்கள். தேசிய நலவாழ்வு இயக்கத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்பது கணக்கு. ஆண்டுதோறும் மாநிலம் செயல்திட்டம் அனுப்ப வேண்டும், டெல்லி ஒப்புதல் தர வேண்டும், தவணை வர வேண்டும். நலவாழ்வு மையங்களின் பெயர்ப் பலகை தொடர்பான தகராறில் பஞ்சாப், மேற்கு வங்காள மாநிலங்களுக்கு இந்தத் தவணை நிறுத்தி வைக்கப்பட்டதை 2023-இல் பார்த்தோம். பலகை தகராறில் டெல்லியும் மாநிலத் தலைநகரமும் மோதினால், சம்பளத்துக்குக் காத்திருப்பது கிராமத்துச் செவிலியர்.

இன்னொரு பணம் 15-ஆவது நிதி ஆணையத்தின் சுகாதார மானியம். உள்ளாட்சி அமைப்புகள் வழியாக ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதற்கும் ரூ.70,051 கோடி. துணை நிலையங்களுக்குக் கட்டடம், நலவாழ்வு மையமாக மாற்றும் செலவு, பரிசோதனை வசதி எல்லாம் இதில் அடக்கம். தமிழ்நாட்டு நகரங்களில் தொடங்கப்பட்ட 708 நலவாழ்வு மையங்களுக்கும் இதுவே ஆதாரம். இந்த மானியத்துக்கு வகுத்த காலம் 2021-22 முதல் 2025-26 வரை. கட்டடம் அதற்கப்பாலும் நிற்கும். நோயாளியும் வருவார். ஆளுக்கும் மருந்துக்கும் யார் பொறுப்பு? இப்படிப்பட்ட பணத்தை நம்பி நிரந்தர வேலையைத் தொடங்குவது, வாடகை வீட்டுக் கொல்லையில் தென்னை நடுவது போல.

நிலையத்தின் சில்லறைச் செலவுக்கு வரும் நிதியிலும் இதே கதை. பல்பு மாற்ற, தண்ணீர்த் தொட்டி சரிசெய்ய, பி.பி. மெஷின் பழுதுபார்க்க என்று கட்டுப்பாடற்ற நிதி என ஒரு தொகை உண்டு. செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கும் கூட்டுக் கணக்கு அது. நல்ல ஏற்பாடு. ஆனால் திண்டுக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. ஊருக்குள்ளேயே வாங்கக்கூடிய கையெழுத்து ஒன்றிய அலுவலகத்துக்கு நகர்ந்தது.

மூன்று வட்டாரங்கள் காட்டிய நிரூபணம்

செவிலியர் நடத்தும் நிலையத்தால் உண்மையில் பலன் உண்டா என்று நிதித்துறை கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

2017-இல் அனைவருக்கும் நல்வாழ்வு முன்னோட்டத் திட்டம் மூன்று வட்டாரங்களில் தொடங்கியது: கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை, பெரம்பலூர் மாவட்டம் வேப்பூர். செய்தது பெரிய மாயம் எதுவுமில்லை. ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய ஒரே செவிலியருக்குத் துணையாக இன்னொருவரை நியமித்தார்கள். ஒருவர் வெளியே போனாலும் நிலையம் திறந்திருந்தது. சுகர், பிரஷர் மருந்துகள் அங்கேயே கிடைத்தன. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்த வட்டாரங்களை ஆராய்ந்தார்கள். அதுவரை புறநோயாளிகள் எட்டிப் பார்க்காத துணை நிலையங்களுக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. தனியார் மருத்துவமனைக்குப் போனவர்களின் பங்கு குறைந்தது, கைக்காசுச் செலவும் குறைந்தது.

கதவு திறந்திருப்பதும் மருந்து இருப்பதும் போதும். ஜனங்கள் வருவார்கள் என்று அந்த மூன்று வட்டாரங்களும் சொல்லிவிட்டன. அதன் பிறகு மாநிலம் முழுவதும் இரண்டாவது செவிலியர் வந்தார், தொகுப்பூதியத்தில். தேவையை நிரந்தரம் என்று ஒப்புக்கொண்டு, ஆளை மட்டும் தற்காலிகமாக வைத்ததுதான் இங்கே நடந்த பிழை.

தாய்லாந்தையும் ஒரு கண் பார்க்கலாம். 2002-இல் அங்கே அனைவருக்கும் மருத்துவத் திட்டம் வந்தபோது ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,202 பாட் என்று தலைக்கணக்கில் நிதி ஒதுக்கினார்கள். செவிலியர்களை முதுகெலும்பாகக் கொண்ட கிராம சுகாதார நிலையங்களுக்கு அந்த ஏற்பாடு ஓர் உறுதியைத் தந்தது. இத்தனை பேர் இருக்கிறார்கள், எனவே இவ்வளவு பணம் வரும் என்று எதிர்பார்க்க முடிந்தது. பணம் திட்டத்தின் பெயரில் வராமல், குடிமக்களின் எண்ணிக்கையை வைத்து வந்தது.

வழக்கமான இரண்டு ஆட்சேபங்கள்

டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் நர்ஸை வைப்பதா என்பது முதல் ஆட்சேபம். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறந்தார்கள், இனி என்ன என்றும் சிலர் கேட்பார்கள். கல்லூரி வந்தது பெரிய வரம். ஆனால் கல்லூரி மருத்துவமனை பார்க்க வேண்டியது சிக்கலான நோயை. மாதாமாதம் அழுத்தம் பார்ப்பதற்கும் மாத்திரை வாங்குவதற்கும் குஜிலியம்பாறைக்காரர் அங்கே வரிசையில் நிற்கக் கூடாது. நோயைக் கண்டுபிடித்து மருந்தை முடிவு செய்கிறவர் டாக்டர். அந்த மருந்து விடாமல் போகிறதா என்று பார்த்து, நிலைமை மோசமானால் உடனே மேலே அனுப்புகிறவர் செவிலியர். இந்தப் பிரிவினை எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும், வாரந்தோறும் பி.எச்.சி. டாக்டரின் மேற்பார்வை இருக்க வேண்டும். அதற்கு உட்பட்டுச் செயல்படும் செவிலியர், டாக்டரின் நேரத்தைக் காப்பாற்றுகிறார்.

நிரந்தரப் பணியிடம் என்றால் முப்பதாண்டுச் சுமை என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை ஒதுக்கித் தள்ள முடியாது, அரசின் வருமானத்துக்கு எல்லை உண்டு. ஆனால் தற்காலிக நியமனத்துக்கும் விலை உண்டு. 2015-இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து, இரண்டாண்டில் நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாமல், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணிநீட்டிப்பு நின்றது. ஒவ்வொரு முறையும் பயிற்சிக்குச் செலவிட்ட பணமும் ஊரைத் தெரிந்துவைத்திருந்த அனுபவமும் சேர்ந்தே போகின்றன. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற நெறி தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. இன்று தள்ளிப்போடும் செலவு, நாளை நீதிமன்றம் வழியாக நிலுவையோடு வந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு துணை நிலையத்துக்கு ஒரு செவிலியர் என்று 8,713 நிலையங்களிலும் காலமுறை ஊதியத்தில் பணியிடம் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். படிகள் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.60,000 என்றால் ஆண்டுக்கு ரூ.7.2 லட்சம். மொத்தம் சுமார் ரூ.627 கோடி.

அடுத்து மருந்து, ஸ்ட்ரிப், கருவிப் பராமரிப்பு, மின்கட்டணம். கிராம மக்கள் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.100 என்று தலைக்கணக்கில் ஒதுக்கினால், 5,000 பேர் உள்ள நிலையத்துக்கு ரூ.5 லட்சம் வரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கிராம மக்கள்தொகை 3.72 கோடி. மொத்தம் ரூ.372 கோடி.

இரண்டும் சேர்த்து ஏறத்தாழ ரூ.1,000 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது ரூ.21,906 கோடி. அதில் இது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. இந்த ஆயிரம் கோடியிலும் ஒரு பகுதி இப்போதே தொகுப்பூதியமாகவும் மருந்தாகவும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகத் தேட வேண்டிய தொகை இன்னும் குறைவு. பொதுச் சுகாதாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப நிலை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்கிறது. நாம் கேட்பது அதற்கு வெகு கீழே.

நான்கு காரியங்கள்

முதலாவது, இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணியிடங்களை அரசாணை வழியாக மாநில அரசின் நிரந்தரக் கணக்குத் தலைப்புக்குக் கொண்டுவர வேண்டும். மத்திய அரசின் பங்கை மாநிலம் பின்னர் ஈடாகப் பெறட்டும். தவணை தாமதமானால் அரசு கஜானா தாங்கும். செவிலியரின் அடுப்படி தாங்காது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் சேவைக் காலத்தைக் கணக்கில் எடுத்து, கட்டம் கட்டமாக மூன்று நிதியாண்டுகளில் இதை முடிக்கலாம்.

இரண்டாவது, தலைக்கணக்கு நிதி. நிலையத்தின் எல்லைக்குள் எத்தனை பேர், எத்தனை சுகர், பிரஷர் நோயாளிகள் என்பது செவிலியரின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதை வைத்து ஒதுக்கீடு செய்தால், ஸ்ட்ரிப் எப்போது தீரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். 1994 முதல் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு, துணை நிலையம் வரை கையிருப்பைக் கண்காணிப்பது பெரிய காரியமில்லை.

மூன்றாவது, நேரம். நிதியாண்டின் முதல் தவணை ஏப்ரலிலேயே நிலையத்தின் கணக்கில் இருக்க வேண்டும். வருடக் கடைசியில் வந்து, அவசர அவசரமாகச் செலவழித்து, பற்றுச்சீட்டு சேர்க்கும் பழக்கம் ஒழிய வேண்டும். ஊராட்சியில் தலைவர் இல்லாத காலத்தில் யார் கையெழுத்திடுவது என்பதையும் இப்போதே எழுதிவைத்துவிட வேண்டும்.

நான்காவது, கணக்கு காட்டும் கடமை. பணம் கேட்கிறவர் கணக்கும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடுகின்றன. ஒவ்வொன்றிலும் துணை நிலையத்தின் வரவு செலவு, எத்தனை நாள் திறந்திருந்தது, எந்த மருந்து எத்தனை நாள் இல்லை, எத்தனை பேருக்குச் சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறது என்பதைப் படிக்க வேண்டும். செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஊர் தன் நிலையத்தின் குறையைத் தெரிந்துகொண்டால்தான், அதற்காக ஊரே பேசும்.

இந்த நான்கில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஆத்தூர் வட்டாரம் அறுபது ஆண்டுகளுக்கு முன் முயன்று பார்த்துவிட்டது. சூளகிரியும் விராலிமலையும் வேப்பூரும் எண்ணாக நிரூபித்துவிட்டன. மிச்சமிருப்பது ஒரு அரசாணையும், நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியும்.

அந்த வரி தானாக வராது. நிலக்கோட்டையிலோ நத்தத்திலோ ஒட்டன்சத்திரத்திலோ அடுத்த கிராமசபைக்குப் போகிறவர்கள் மூன்று கேள்விகளை எழுந்து நின்று கேட்கலாம். நம் துணை நிலையத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது? நம் செவிலியர் நிரந்தரமா, தொகுப்பூதியமா? சுகர் ஸ்ட்ரிப்பும் பிரஷர் மாத்திரையும் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் ஊராட்சிகள் 306. முந்நூறு தீர்மானங்கள் ஆட்சியர் மேசைக்குப் போனால், மக்கள் நல்வாழ்வுத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையில் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.